கடலுக்கு எத்தனை வினாடி?

(நாகர்கோவிலில் ஒளிப்பட ஆர்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்கரையில் அந்திப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபில்டர் வாங்கலாம்?" என்றுதான். அடுத்து, "அபர்ச்சர் எவ்வளவு வைக்கட்டும்?" என்பார்கள். "ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும்?" என்று கேட்பவர் மிகச் சிலர். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். கடலைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். காட்சியின் ஆழத்தைப் பார்த்து அபர்ச்சரை முடிவு செய்யுங்கள். இந்த இரண்டையும் வைத்த பிறகு எவ்வளவு ஒளி மிஞ்சுகிறதோ, அதைக் கழிக்க வேண்டியது ஃபில்டரின் வேலை. ஃபில்டரை முதலில் மாட்டிவிட்டு, அது கொடுக்கிற நேரத்தைக் கடலின் தலையில் கட்டுகிற பழக்கம் நம்மிடம் பரவிவிட்டது. அதனால்தான் முட்டமும் கோவளமும் கொழும்புக் கடலும் படத்தில் ஒரே பால்வெள்ளையாக வந்து நிற்கின்றன.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் நம் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரையின் பெரும்பகுதி கிழக்கு நோக்கியது. சென்னையிலும் புதுச்சேரியிலும் நாகப்பட்டினத்திலும் சூரியன் கடலில் உதிக்கும். ஊருக்குப் பின்னால் மறையும். கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கும் பேறு குமரி மாவட்டத்து மேற்குக் கரைக்குத்தான் தாராளமாக வாய்த்திருக்கிறது. அதிலும் கன்னியாகுமரி நகரத்தில் ஆண்டு முழுவதும் அது கிடைக்காது. சூரியன் மறையும் இடம், மார்கழியில் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளியிருக்கும். ஆனியில் அதே அளவு வடக்கே போய்விடும். நம் கரையோ வடமேற்காக ஓடுகிறது. ஆகவே ஐப்பசி முதல் மாசி வரை நகரத்திலிருந்து கடலில் இறங்கும் சூரியன், ஆனி ஆடியில் நிலத்தின் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. முட்டம் போல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் இந்தக் கட்டுப்பாடு குறைவு. எந்த மாதம் எங்கே நிற்பது என்பது லென்ஸைவிட முக்கியமான தேர்வு.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. நாம் 8 பாகை வடக்கில் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. அடிவிளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல்விளிம்பு மறைவது வரை ஏறத்தாழ இரண்டேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு கண்ணுக்குப் போதுமான அந்தி ஒளி இருப்பது ஏறத்தாழ 21, 22 நிமிடம். லண்டனில் ஜூன் மாதத்தில் இதே ஒளி முக்கால் மணி நேரம் நிற்கும். ஸ்காட்லாந்தில் இன்னும் நீளும். நீண்ட நேரப் படப்பிடிப்பு குறித்து நாம் படிக்கிற பாடங்களில் பெரும்பகுதி அந்த வடக்குக் கரைகளில் நின்று எழுதப்பட்டவை. நிதானமாக ஃபில்டர் மாட்டு, சோதனைப் படம் எடு, கணக்குப் போடு, பத்து ஸ்டாப் ஃபில்டருக்கு மாறு என்று அவர்கள் சொல்வது அவர்களுடைய வானத்துக்குப் பொருந்தும். நம் வானத்தில், மேகமில்லாத மாலையில், சூரியன் மறைந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் ஒளி குறைகிறது. ஒரு ஸ்டாப் என்றால் பாதி. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாகத் தேய்கிற ஒளியில் வேலை செய்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பார்ப்போம்.

முதலில் நேரம். பாறை மேல் நின்று, கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, ஓர் அலை உடைந்து அடுத்த அலை உடையும் வரை எண்ணுங்கள். தென்மேற்கிலிருந்து நீண்ட தூரம் உருண்டு வருகிற அலையென்றால் பத்து, பன்னிரண்டு, சில நாள் பதினைந்து வினாடிகூட ஆகும். கரையோரக் காற்று கிளப்பும் குட்டி அலையென்றால் ஐந்து ஆறு வினாடிதான். இந்த எண்தான் அன்றைய மாலையின் அளவுகோல். ஷட்டர் நேரம் இதைவிடக் குறைவாக இருந்தால், ஓர் அலையின் ஒரு செயலைப் பிடிக்கிறீர்கள்: பாறையைச் சுற்றி வருவது, மேலேறிக் கொட்டுவது, மணலை இழுத்துக்கொண்டு திரும்புவது. இதைவிட அதிகமாக வைத்தால் இரண்டு, மூன்று, பத்து அலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, வடிவம் போய் மூட்டமாகிவிடும். முப்பது வினாடிக்கு மேல் அறுபது வைத்தாலும் நூற்றிருபது வைத்தாலும் கடலில் பெரிய வேறுபாடு தெரியாது. மேகம் மட்டும்தான் இழுபடும்.

என் விருப்பத்தை மறைக்காமல் சொல்கிறேன். குமரிக் கரைக்கு அரை வினாடியிலிருந்து நான்கு வினாடி வரையே சிறந்தது. காரணம் நம் மணலில் இருக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கருமையானது. இல்மனைட்டும் செம்மை தரும் கார்னெட்டும் கலந்தது. அரிய மண் ஆலை அங்கே இருப்பதும் அந்த மணலுக்காகத்தான். அலை திரும்பும்போது வெள்ளை நுரை அந்தக் கறுப்பில் கோடு கோடாக இழுபடும். அரை வினாடியில் அந்தக் கோடுகள் தெளிவாக நிற்கும். இரண்டு வினாடியில் நூலாக நீளும். எட்டு வினாடியில் கலங்கிப் போகும். முப்பதில் தடமே இருக்காது. வெளிறிய மணல் உள்ள கரையில் எடுப்பவருக்கு இந்தச் செல்வம் இல்லை. நமக்கு இருக்கிறது, அதை நாமே அழித்துக்கொள்ளலாமா? முட்டத்துப் பாறையிடுக்கில் தண்ணீர் புகுந்து வழிவதற்கு இரண்டு முதல் நான்கு வினாடி. ஷட்டரை அலை வரும்போது திறக்காதீர்கள். உடைந்து திரும்பத் தொடங்கும் கணத்தில் திறங்கள். திரும்பும் நீருக்குத்தான் திசை உண்டு.

மூட்டம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலேயர் மைக்கேல் கென்னா கறுப்பு வெள்ளையில் நிமிடக்கணக்காக, இரவில் மணிக்கணக்காகவும், ஃபிலிமைத் திறந்து வைத்துப் பெரும் படங்களைச் செய்திருக்கிறார். அவருக்கு வேண்டியது நீரில் நட்ட நான்கு கம்பம், ஒரு மரம், ஒரு கோடு. மற்றெல்லாம் அழிய வேண்டும் என்பதற்காகவே அவர் நேரத்தை நீட்டினார். அழிக்க வேண்டியது எது என்று தெரிந்தவருக்கு அது கருவி. தெரியாமல் பத்து ஸ்டாப் மாட்டுகிறவருக்கு அது வெறும் பழக்கம்.

இனி அபர்ச்சர். நேரத்தை நீட்டுவதற்காக எஃப்/22 வரை மூடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. "ஃபில்டர் வாங்கக் காசில்லை, அபர்ச்சரை மூடிச் சமாளிக்கிறேன்" என்பார்கள். அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. துளை சிறுக்கச் சிறுக்க ஒளி அதன் விளிம்பில் வளைந்து விரிகிறது. ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளி சென்சரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. 1835இல் ஜார்ஜ் ஏரி இந்த வட்டத்தின் கணக்கைக் கொடுத்தார். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப்/8இல் சுமார் 11 மைக்ரான், எஃப்/11இல் 15, எஃப்/16இல் 21, எஃப்/22இல் 30. 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். எஃப்/22இல் ஒரு புள்ளி ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது என்றால், பாறையின் சொரசொரப்பும் சிப்பியின் கீறலும் எங்கே நிற்கும்? சிறிய சென்சர் உள்ள கேமராவில் பிக்சல் இன்னும் சிறியது, இழப்பு இன்னும் அதிகம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமொஜென் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து அமைத்த குழுவுக்கு எஃப்/64 என்று பெயர். அண்மையிலிருந்து தொலைவு வரை எல்லாமே துல்லியம் என்பது அவர்கள் கொள்கை. "அவர்கள் 64 வரை மூடினார்களே, நாங்கள் 22க்கு மூடக் கூடாதா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அவர்களுடைய நெகட்டிவ் எட்டுக்குப் பத்து அங்குலம். நம் முழுச்சட்டச் சென்சர் அதன் மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வராது. அதே அளவு பிரிண்ட் போட நம் படத்தை ஏழெட்டு மடங்கு அதிகமாகப் பெருக்க வேண்டும். கலங்கலும் கூடவே பெருகும். அவர்களுடைய எஃப்/64ஐ நம் கேமராவின் கணக்குக்குக் கொண்டுவந்தால் எஃப்/8க்கும் 9க்கும் இடையில் வந்து நிற்கும். ஆடம்ஸின் வழியில் போக விரும்புகிறவர் எஃப்/8க்குப் போக வேண்டும்.

எஃப்/8, எஃப்/11 போதுமா, முன்னாலிருக்கும் பாறையும் அடிவானமும் சேர்ந்து துல்லியமாக வருமா? வரும். 16 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் வைத்து 80 செ.மீ. தொலைவில் ஃபோகஸ் செய்தால், முழங்கையளவு தூரத்திலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க துல்லியத்தில் கிடைக்கும். 24 மி.மீ.க்கு அதே எஃப்/11இல் 1.8 மீட்டர். இந்தக் கணக்கு சற்றுத் தாராளமானது என்பதால் பெரிய பிரிண்ட் போடுகிறவர்கள் ஃபோகஸை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஆக, அகன்ற கோண லென்ஸில் ஆழத்துக்காக எஃப்/22 தேவைப்படும் காட்சி அரிதிலும் அரிது. எஃப்/16ஐ நான் ஒரே ஓர் இடத்துக்கு ஒதுக்குகிறேன்: சூரியன் பாறை விளிம்பில் பாதி ஒளிந்து நிற்கையில் கதிர்க்கீற்று வேண்டுமென்றால். அபர்ச்சர் இதழ்கள் இரட்டை எண்ணிக்கையில் இருந்தால் அத்தனை கீற்று, ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் அதன் இரு மடங்கு. ஒன்பது இதழ் லென்ஸில் பதினெட்டுக் கீற்று. அந்தப் படத்தைக் குறுகிய நேரத்தில், முன்னால் ஃபில்டர் அடுக்கு இல்லாமல் எடுங்கள். ஃபில்டர் கண்ணாடிகளுக்கிடையே சூரியன் எதிரொளித்துப் பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டுமாக விழும்.

சிறிய துளைக்கு இன்னொரு கெடுதி கடற்கரைக்கே உரியது. உப்புத் துளி. எஃப்/5.6இல் எடுத்தால் லென்ஸ் முன்னால் ஒட்டிய துளி கலங்கிக் கரைந்து போகும். எஃப்/16இல், அதுவும் சூரியனை நோக்கி எடுக்கையில், ஒவ்வொரு துளியும் வட்டமாகப் பளிச்சென்று நிற்கும். சென்சரில் ஒட்டிய தூசிக்கும் அப்படியே. உலர்ந்த துணியால் உப்பைத் தேய்த்தால் ஃபில்டரின் மேற்பூச்சில் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

இப்போது ஃபில்டருக்கு வருவோம். என்டி ஃபில்டர் என்பது நிறம் மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கண்ணாடி. கடையில் என்டி 8, என்டி 64, என்டி 1000 என்று விற்பார்கள். 8 என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளி, அதாவது 3 ஸ்டாப். 64 என்றால் 6 ஸ்டாப். 1000 என்றால் 10 ஸ்டாப். சிலர் 0.9, 1.8, 3.0 என்றும் அச்சிடுவார்கள், இம்மூன்றும் அவையேதான்.

ஐஎஸ்ஓ 100, எஃப்/11 என்று வைத்துக்கொள்வோம். மேகம் குறைந்த மாலையில் சூரியன் கடலைத் தொடும் நேரத்துக் கடலையும் வானத்தையும் சேர்த்து அளந்தால் ஷட்டர் 1/30 வினாடிக்குப் பக்கத்தில் வரும். எனக்கு வேண்டியது 2 வினாடி. நடுவிலுள்ள தூரம் 6 ஸ்டாப். என்டி 64 மாட்டினேன், கணக்குச் சரியாயிற்று. பத்து நிமிடம் கழித்து, ஃபில்டர் இல்லாமல் அளந்தால் 1/4 வினாடி. அதே 2 வினாடிக்கு இப்போது 3 ஸ்டாப் போதும். 64ஐக் கழற்றி 8ஐ மாட்டினேன். இன்னும் ஒன்பது பத்து நிமிடம் போனால் ஃபில்டரே இல்லாமல் எஃப்/11இல் 2 வினாடி வந்துவிடும். இருபது நிமிடத்தில் மூன்று படிகள். அபர்ச்சரைத் தொடவில்லை, ஐஎஸ்ஓவைத் தொடவில்லை, கடலின் வடிவமும் மாறவில்லை. ஃபில்டர் மட்டும் ஒவ்வொன்றாக இறங்குகிறது. நம் அந்திக்கு ஏற்ற முறை இதுவே என்பது என் உறுதியான கருத்து. வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கும் கருநீலத்துக்கும் போகும்போது அலை ஒரே குணத்தோடு நிற்கும். அந்த மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கடலின் வரலாறாக இருக்கும். மறைந்த சூரியன் அடியிலிருந்து மேகத்தைப் பற்றவைக்கிற நாளில் ஒளி இந்த வேகத்தில் குறையாது. அப்போது எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறையை மாற்ற வேண்டாம்.

இப்போது பத்து ஸ்டாப் என்ன செய்கிறது என்று பாருங்கள். சூரியன் கடலைத் தொடும்போது அதை மாட்டினால் முப்பது வினாடிக்கு மேல் வரும். அந்த முப்பது வினாடியில் சூரியன் தன் விட்டத்தில் கால் பங்கு நகர்ந்துவிடும். வட்டம் முட்டை வடிவமாகும். இரண்டு நிமிடம் வைத்தால் ஒரு முழு விட்டம் நகர்ந்து மாத்திரை வடிவம் வரும். சரி, மறைந்த பிறகு மாட்டலாம் என்று நினைத்தால், அங்கேதான் நம் வானம் கையை விரிக்கிறது. பத்து நிமிடம் கழித்து 1/4 வினாடி அளவு; அதை 1024ஆல் பெருக்கினால் நாலேகால் நிமிடம். ஆனால் அந்த நாலேகால் நிமிடத்தில் ஒளி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. படம் அரை ஸ்டாப்புக்கு மேல் கருத்து வரும். கூடுதல் நேரம் கொடுத்து ஈடு கட்டலாமே என்றால், கொடுக்கிற ஒவ்வொரு நிமிடத்திலும் ஒளி இன்னும் தேய்கிறது. நாலேகால் நிமிடக் கணக்கு பத்து நிமிடத்தையும் தாண்டி ஓடும். கைப்பேசிச் செயலிகளும் அட்டவணைகளும் ஒளி மாறாது என்று எடுத்துக்கொண்டு விடை சொல்கின்றன. அந்தி வேளையில் அந்த அனுமானம் நிற்காது. பத்து ஸ்டாப்புக்கு ஏற்ற நேரம் சூரியன் மறைவதற்கு முந்தைய அரை மணி. மேகம் நகர வேண்டும் என்றால் மட்டும்.

பத்து ஸ்டாப்பை மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. இவ்வளவு அடர்த்தியான கண்ணாடி வழியே ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். மாட்டும் முன் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆப்டிகல் வியூஃபைண்டர் உள்ள கேமராவில் பின்பக்கத் துளை வழியே ஒளி கசிந்து படத்தில் வெளிர்பட்டை விழும், அதை மூடுங்கள். பழைய, மலிவான அடர் ஃபில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை விட்டுவிடும். அதனால்தான் படம் செம்பழுப்பாக வருகிறது. இதிலிருந்து தெரிய வேண்டிய இன்னொன்று: கறுப்பாக இருக்கிறதே என்று என்டி ஃபில்டர் வழியே ஆப்டிகல் வியூஃபைண்டரில் சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணைச் சுடும் அகச்சிவப்பு அதற்குள் வந்துகொண்டேயிருக்கிறது. திரையில் பாருங்கள். நீண்ட நேர இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். எடுத்த அதே அளவு நேரம் இருட்டுப்படம் எடுக்கக் கேமரா எடுத்துக்கொள்ளும், நம் இருபது நிமிடத்தில் அதற்கு இடமில்லை. திருகினால் அடர்த்தி மாறும் ஃபில்டர், இரண்டு போலரைசரை ஒன்றன் மேல் ஒன்று வைத்தது. வசதியானதுதான், ஆனால் அகன்ற கோணத்தில் கடைசிவரை திருகினால் வானத்தில் குறுக்குச் சிலுவையாகக் கறை விழும்.

போலரைசரைப் பற்றி இரண்டு வார்த்தை. சூரியனுக்கு எதிரே நின்று எடுக்கும்போது அது வானத்தை ஒன்றும் செய்யாது. சூரியனிலிருந்து 90 பாகை திரும்பினால்தான் வானம் கருக்கும். நீர்ப்பரப்பை 37 பாகை சரிவில் குனிந்து பார்க்கும்போது எதிரொளியை நன்றாக நீக்கும். ஆனால் அந்தியில் ஈர மணலின் மேல் கிடக்கும் வானத்தின் நிறமே எதிரொளிதானே? அதைத் துடைத்தெறிய நாம் ஏன் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியைச் செலவழிக்க வேண்டும்? வெயில் நேரத்துப் பாறைக்குட்டைக்கு அது உதவும். அந்திக்குப் பையிலேயே இருக்கட்டும்.

மேலே கறுப்பும் கீழே தெளிவுமாக இருக்கிற பாதி ஃபில்டர்தான் நான் ஆசையோடு பேச விரும்புவது. வானம் மிகப் பிரகாசம், கடல் இருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது எப்படி? இந்தக் கேள்வி ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1856, 57 ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே நார்மண்டியிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் கடல்படங்கள் எடுத்தார். அக்காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மட்டும் துடிப்பானது. கடலுக்கு அளந்தால் வானம் வெளுத்துவிடும். அவர் சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து அடிவானத்தில் ஒட்டி அச்சிட்டார். இன்று கணினியில் இரண்டு படத்தைச் சேர்ப்பதை ஏமாற்று என்று சொல்கிறவர்களுக்கு, அதன் வயது நூற்றறுபதுக்கு மேல் என்று நினைவூட்ட விரும்புகிறேன். பின்னாளில், ஐந்து ஸ்டாப் வேறுபாட்டைத் தாண்டினால் தாங்காத ஸ்லைடு ஃபிலிமில் வேலை செய்த அமெரிக்க மலைப் படக்கலைஞர் கேலன் ரோவெல், சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து இந்தப் பாதி ஃபில்டர்களைப் பரவலாக்கினார்.

இன்றைய சென்சர் பதினான்கு ஸ்டாப் வரை தாங்கும். பிறகு இது எதற்கு? நம் வேலைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இரண்டு வினாடி அலையை இரண்டு தடவை எடுத்தால் இரண்டு வெவ்வேறு அலைகள் கிடைக்கும். பாறையும் வானமும் சேர்ந்துவிடும்; நீரின் விளிம்பு சேராது. ஒரே படத்தில் முடிக்க முடிந்தால் அதுவே மேல். அடிவானம் வெட்டினாற்போலத் திறந்திருந்தால் கூர்விளிம்பு ஃபில்டர். முட்டத்து முனை, தென்னை, கலங்கரை விளக்கம் என்று எதுவாவது அடிவானத்துக்கு மேலே எழுந்தால் மென்விளிம்பு. இல்லாவிட்டால் பாறையின் தலை மட்டும் கரிபூசியதுபோல் வரும். சூரியன் அடிவானத்தில் உட்கார்ந்திருக்கும்போது வானத்தில் மிகப் பிரகாசமான இடம் அடிப்பகுதிதான். அதற்காகவே நடுக்கோட்டில் அடர்த்தி மிகுந்து மேலே போகப் போகக் குறையும் தலைகீழ் வகை வந்தது. இதிலும் அபர்ச்சர் வந்து தலையிடுகிறது: துளை சிறியதாக இருந்தால் ஃபில்டரின் விளிம்பு கூர்மையாகத் தெரியும், பெரிதாக இருந்தால் கரையும். எஃப்/5.6இல் வைத்து விளிம்பைச் சரிபார்த்துவிட்டு எஃப்/11இல் எடுத்தால் கோடு விழுந்துவிடும். எடுக்கப் போகும் துளையிலேயே பாருங்கள். அடர்த்தியிலும் அளவு வேண்டும். நீரில் விழுந்த வானம், வானத்தைவிடப் பிரகாசமாக இருக்கவே முடியாது. ஃபில்டர் அதிகமாகிக் கடல் வானத்தை மிஞ்சி ஒளிர்ந்தால், ஏன் என்று தெரியாமலே பார்ப்பவர் மனம் அந்தப் படத்தை ஒதுக்கும். 2 ஸ்டாப், மிஞ்சினால் 3.

கிழக்குக் கரை நண்பர்கள், "எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். உங்களுக்குக் கிடைப்பது வேறு, குறைந்ததல்ல. சூரியன் ஊருக்குப் பின்னால் மறையும்போது கடல் பக்கம் பாருங்கள். அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை மெல்ல எழும். அது பூமியின் நிழல். அதன் மேலே ரோஜா நிறப் பட்டை. வானமும் கடலும் அப்போது ஒளியில் ஏறக்குறையச் சமம் என்பதால் பாதி ஃபில்டர் தேவையே இல்லை. கதிர் எதிரொளிக்காது, ஃபில்டர் அடுக்கினாலும் பொட்டு விழாது. ஒரு 6 ஸ்டாப், ஒரு 3 ஸ்டாப் போதும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனைச் சாலையில் நிற்பவருக்கோ இரண்டு பக்கமும் கடல். ஒரே மாலையில் இரு வேறு வானத்தை எடுக்கலாம்.

நீண்ட நேரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. 1838இல் லூயி டாகெர் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ல் என்ற வீதியைத் தன் சாளரத்திலிருந்து படமெடுத்தார். வண்டியும் மனிதருமாக நெரிந்த வீதி. தகட்டுக்குப் பல நிமிடம் வேண்டியிருந்ததால் நடந்தவர் எல்லாரும் மறைந்தார்கள். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவரும் அவர் காலடியில் இருந்தவரும் மட்டும் தங்கினார்கள். நீண்ட நேரம் திறந்த ஷட்டர் அசைபவரை அழிக்கும். நம் கரையில் அசைபவர் யார்? கரைமடி இழுப்பவர், வள்ளத்தைத் தள்ளுகிறவர், மீன் கூடையோடு நடக்கும் பெண்கள். முப்பது வினாடி படத்தில் அவர்கள் எல்லாரும் காணாமல் போய், ஆளற்ற "தூய" கடற்கரை கிடைக்கிறது. அது தெரிந்து செய்த தேர்வாக இருக்கட்டும். அவர்களும் படத்தில் வேண்டுமென்றால் 1/8 வினாடி, கால் வினாடிக்கு இறங்குங்கள். அலையும் சற்று இழுபடும், குனிந்த முதுகும் நிற்கும். வள்ளம் நீரில் ஆடிக்கொண்டிருந்தால் இரண்டு வினாடிக்கே அது பேயுருவாகிவிடும். கரையேற்றிய வள்ளத்தை முன்னால் வையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் கரையில் கள்ளக்கடல் உண்டு. இங்கே காற்றே இல்லாமல் இருக்கும். எங்கோ தென்கடலில் வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலை, நாட்கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று ஏறும். 2024 மே மாதத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அப்படிப்பட்ட நாளில்தான் இழந்தோம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது, பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். போனதும் அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள். கால் மணி நேரமாவது எந்த உயரம் வரை பாறை நனைகிறது என்று பார்த்து, அதற்கு மேலே முக்காலியை ஊன்றுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற சில வினாடிகள்தான் ஆபத்தானவை. கண் கடல் மேல் இருக்கட்டும். மணலில் முக்காலியைக் கையால் அழுத்தி இறக்குங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஒவ்வோர் அலையும் காலடி மணலை இழுக்கும்போது கேமரா அமிழ்கிறது, இரண்டு வினாடி படமும் அதனால் கலங்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்ட கேள்விக்கே வருகிறேன். எந்த ஃபில்டர் வாங்கலாம்? முதலில் ஒரு 6 ஸ்டாப். அடுத்து ஒரு 3 ஸ்டாப். இரண்டையும் சேர்த்தால் 9 ஆகிறது. பத்து ஸ்டாப்பைத் தனியாக வாங்க அவசரப்பட வேண்டாம். உங்களிடமுள்ள லென்ஸ்களில் பெரிய விட்டம் எதுவோ, அநேகமாக 77 மி.மீ., அந்த அளவுக்கு வாங்கிச் சிறிய லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் போடுங்கள். வளையத்தின் விலை ஃபில்டர் விலையில் சிறு பங்குதான். அகன்ற கோண லென்ஸில் இரண்டு ஃபில்டரை அடுக்கினால் மூலை கருக்கும் என்பதால் சட்டம் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவதாக, மேற்குக் கரையில் இருப்பவர்கள் மட்டும், 2 ஸ்டாப் மென்விளிம்புப் பாதி ஃபில்டர் ஒன்று. அது சதுரக் கண்ணாடியாக இருக்கட்டும். திருகு வகையில் விளிம்பு எப்போதும் படத்தின் நடுவிலேயே நிற்கும். அடிவானத்தை எங்கே வைப்பது என்பதை அந்த வளையம் முடிவு செய்துவிடும்.